அரியாலையில் நான் மூடச் சொன்ன கிணறு

றோசக்கா தொடங்கிய எங்கள் அலுவலகத்தில் இப்போது வீட்டுக்குத் திசை பார்ப்பதற்காக ஒருவரும் வெயிலில் நிற்பதில்லை. வீட்டின் வரைபடத்தைக் கைபேசியில் ஏற்றினால், மரத்தின் பகுதி எது, நீரின் பகுதி எது என்று நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது. அடுப்பும் கிணறும் இருக்கும் இடங்களைக் குறித்தால், எது எதோடு மோதுகிறது என்பதையும் சிவப்புக் கோட்டில் சொல்லிவிடுகிறது. அங்கே வேலை செய்யும் இளையவர்கள் இருவர் அண்மையில் என் வீட்டுக்கு வந்து, "ஐயா, றோசக்காவோடை வேலை செய்த காலத்தைப் பற்றி ஏதும் எழுதித் தாங்கோவன்" என்று கேட்டார்கள்.

அவர்கள் எதிர்பார்ப்பது புகழுரை. புகழ்வதற்கு நிறைய இருக்கிறது; எழுதத்தான் போகிறேன். ஆனால் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். அரியாலையில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணற்றை மூடச் சொன்னவர் றோசக்கா என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். மூடச் சொன்னவன் நான்.

நான் மிஷன் பாடசாலையில் படித்தவன். கணிதமும் பௌதிகமும் நன்றாக வரும். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் படவரைஞனாகச் சேர்ந்து, பாலங்களுக்கும் மதகுகளுக்கும் கோடு கீறியே தலை நரைத்தேன். ஓய்வு பெற்றபோது போர் முடிந்திருந்தது. வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் இங்கே தாய் தகப்பனுக்கு வீடு கட்டவும் பழைய வீட்டைத் திருத்தவும் தொடங்கியிருந்தார்கள். அந்த வேலைகளைச் செய்துகொடுப்பதற்காக றோசக்கா யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர், திறந்து, படம் கீற ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தேன்.

றோசக்கா உடுவிலில் அமெரிக்க மிஷன் வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். சிங்கப்பூரில் ஒரு கட்டடக் கலைஞரிடம் நெடுங்காலம் வேலை செய்தவர். அங்கே சீனரின் வீடுகளில் பெங்சுயி என்ற மனைச் சாத்திரம் பார்க்கிறவர் சம்மதிக்காமல் ஒரு கதவைக்கூட மாற்றி வைக்க முடியாதாம். அப்படிப் பார்க்க வந்த ஒரு கிழவரின் பின்னால் வருடக்கணக்காக வீடு வீடாகத் திரிந்து அந்த முறையைக் கற்றுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குப் போகிற பெண் சீனச் சாத்திரம் பார்க்கலாமா என்று போதகர் ஒருமுறை கந்தோருக்கே வந்து கேட்டார்.

"கர்த்தர் படைச்ச தண்ணியும் கர்த்தர் படைச்ச நெருப்பும்தானே ஐயா. ரெண்டையும் பக்கத்திலை வைச்சால் வீட்டிலை இருக்கிற சனத்துக்கு என்ன நடக்குது எண்டு பாக்கிறன். வேறை ஒண்டுமில்லை" என்றார் றோசக்கா. போதகர் தேநீர் குடித்துவிட்டு, போகும்போது தம்முடைய வீட்டுக் குசினியில் அடுப்பு இருக்கும் இடத்தையும் ஒருக்கால் வந்து பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நமக்கு ஐம்பூதம் என்றால் நிலம், நீர், தீ, காற்று, வான். சீனரின் ஐந்து வேறு: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நீர் மரத்தை வளர்க்கும். மரம் எரிந்து நெருப்பை வளர்க்கும். நெருப்பு சாம்பலாகி மண்ணோடு சேரும். மண் தன் வயிற்றில் உலோகத்தைப் பெறும். உலோகத்தின் குளிர்ந்த மேனியில் நீர் துளிர்க்கும். இது ஆக்கும் சுற்று. அடக்கும் சுற்றும் ஒன்று உண்டு. நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும், மரம் வேரால் மண்ணைப் பிளக்கும், மண் நீரை அடைக்கும். வீட்டின் ஒவ்வொரு திசையும் இவற்றில் ஒன்றுக்கு உரியது. இவ்வளவையும் ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிட்டேன். அத்தோடு படிப்பு முடிந்துவிட்டது என்று நினைத்ததுதான் என்னுடைய முதல் பிழை.

றோசக்கா ஒரு வீட்டுக்குப் போனால் மதியம் வரை திசைகாட்டியை வெளியே எடுக்கமாட்டார். ஒரு கதிரை கேட்பார். விறாந்தையில் போட்டு அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்; பிறகு கதிரையைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போவார், பிறகு குசினி வாசலுக்கு. "நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ, என்னைப் பாராதேங்கோ" என்பார். வீட்டுக்காரர் முதலில் கூச்சப்படுவார்கள். கொஞ்ச நேரத்தில் அவரை மறந்துவிடுவார்கள். அதற்காகத்தான் அவர் காத்திருப்பார். எந்தக் கதவை ஒருவரும் பாவிப்பதில்லை, எந்த யன்னல் எப்போதும் சாத்தியிருக்கிறது, சமைக்கிறவர் தண்ணீருக்காக எத்தனை தரம் முதுகைத் திருப்புகிறார், பூனை எங்கே படுக்கிறது: எல்லாம் பார்ப்பார்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் திசைகாட்டி. கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தருவார். இரும்புக் கேற்றுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கம்பி வைத்துக் கட்டிய தூணுக்கும் எட்டத்தில் நிற்பார். ஓரிடத்தில் பார்த்ததை நம்பாமல் இன்னும் சில இடங்களில் பார்த்து, ஊசி ஒத்துக்கொண்ட பிறகுதான் எனக்குச் சொல்வார். பிறகு முழங்காலில் இருந்து, சீமெந்துத் தரையிலேயே வண்ணச் சுண்ணக்கட்டியால் பகுதி பிரிப்பார். மரத்துக்குப் பச்சை, நெருப்புக்குச் சிவப்பு, மண்ணுக்கு மஞ்சள், உலோகத்துக்கு வெள்ளை, நீருக்கு நீலம். வேலை முடிந்ததும் தரையை அவரே கழுவித் துடைப்பார். வீட்டுக்காரப் பெண்கள் தடுத்தால், "நான் கீறினதை நான்தான் அழிக்கவேணும் பிள்ளை" என்பார்.

அவர் ஒரு நாளும் எதையும் உடைக்கச் சொன்னதில்லை. முதலில் நகர்த்திப் பார்க்க வேண்டும். நகராவிட்டால் மோதும் இரண்டுக்கும் நடுவே மூன்றாவதை வைக்க வேண்டும். நீரும் நெருப்பும் மோதினால் நடுவே மரம். அது நீரிடம் வாங்கி நெருப்புக்குக் கொடுக்கும். இந்த மூன்றாவதைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு இணையாக நான் ஒருவரையும் கண்டதில்லை. பெரும்பாலும் அது அந்த வீட்டிலேயே எங்காவது கிடக்கும்.

அச்சுவேலியில் ஒரு புது வீடு. மகன் பிரான்சிலிருந்து படம் அனுப்பிக் கட்டுவித்த குசினி. அடுப்பு ஒரு சுவரில், தண்ணீர்த் தொட்டி நேர் எதிர்ச் சுவரில், நடுவே வெறும் தரை. மாமி அடுப்பிலும் மருமகள் தொட்டியிலுமாக, திரும்பும்போதெல்லாம் முட்டிக்கொண்டு, காலையிலேயே சண்டை தொடங்கிவிடும். றோசக்கா அரை நாள் குசினி வாசலில் இருந்து பார்த்தார். பிறகு பின்பக்கக் கொட்டிலில் கிடந்த பழைய பலாமர மேசையைத் தூக்கி வந்து நடுவே போடச் சொன்னார். அதன்மேல் ஒரு சாடியில் கறிவேப்பிலைக் கன்று. அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து அந்த மாமியைச் சந்தையில் கண்டோம். "இப்ப எப்பிடி? சண்டை நிண்டிட்டுதோ?" என்று கேட்டேன்.

"எங்கை நிக்கிறது? முந்தி நிண்டுகொண்டு பிடிச்சனாங்கள், இப்ப மேசையிலை இருந்து பிடிக்கிறம்" என்றார் அந்த அம்மா. பிறகு குரலைத் தணித்து, "இருந்து பிடிக்கேக்கை கெதியா முடிஞ்சுபோகுது" என்றார்.

றோசக்கா வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தார். "பாத்தீரோ பாலன்? நாங்கள் அற்புதம் செய்யிற ஆக்களில்லை. சனத்துக்கு இருக்க ஒரு இடம் குடுக்கிறம்."

அப்படிப்பட்டவரிடம் வேலை செய்துகொண்டிருந்த நான்தான் அரியாலைக்குப் போனேன்.

அங்கே பரமேஸ்வரி என்றொரு அம்மா, உப்புத் தண்ணீர்க் கடனீரேரிக்குச் சற்றுத் தள்ளிய சிறு ஒழுங்கையில் தனியாக இருந்தார். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் சுதன் ரொறன்ரோவில். அவனுக்குப் பேசிய கலியாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழம்பிக்கொண்டிருந்தன. இணையத்தில் பெங்சுயி பற்றி ஏதோ பார்த்த சுதன், வீட்டைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் கந்தோரைக் கூப்பிட்டான். றோசக்கா அப்போது மகளின் பிள்ளைப்பேற்றுக்காகச் சிங்கப்பூர் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்.

"அளந்து படத்தைக் கீறி வையும். நான் வந்து பாக்கிறன். அதுவரைக்கும் ஒண்டும் சொல்லாதேயும்" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் காணியின் வடகிழக்கு மூலையில் கிணறு இருந்தது. நம் வழக்கப்படி நல்லதென்று சொல்லும் ஈசான மூலைக் கிணறு. அந்த ஒழுங்கையில் கடனீரேரிப் பக்கமுள்ள கிணறுகளில் எல்லாம் உவர்த் தண்ணீர். பரமேஸ்வரியின் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். பின்னேரமானால் அயலவர்கள் கலன்களோடு வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அவருடைய மிளகாய்ப் பாத்தியும் தேசி என்கிற எலுமிச்சை மரமும் அந்தத் தண்ணீரில்தான் நின்றன. இதையெல்லாம் நான் பார்க்கவில்லை. காலையில் போய், கதிரை கேட்காமல், நேரே திசைகாட்டியை எடுத்து, மதியத்துக்கு முன் அளந்து முடித்துவிட்டேன்.

சீன முறையில் வடகிழக்கு மண்ணுக்கு உரிய திசை. மண் நீரை அடைக்கும். வரைபடத்தைப் பார்த்தவுடனே மோதலைக் கண்டேன். அன்று மாலை சுதன் கைபேசியில் முகம் காட்டி, "என்ன கண்டீங்கள் சேர்? நீங்களும் இவ்வளவு காலம் செய்யிறியள்தானே, உங்கடை அபிப்பிராயத்தைச் சொல்லுங்கோ" என்றான். என்னுடைய அபிப்பிராயத்தை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. திணைக்களத்திலும் கேட்டதில்லை, கந்தோரிலும் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்வியில் விழுந்துபோனேன். கிணற்றை மூடலாம், வடக்கு நீருக்குரிய திசை, அங்கே குழாய்க்கிணறு அடிக்கலாம் என்று சொன்னேன். றோசக்காவும் இதைத்தான் சொல்வார், தாமதிக்காமல் செய்தால் நல்லது என்றும் சொன்னேன்.

பரமேஸ்வரிக்கு மனமில்லை. "நல்ல தண்ணி அண்ணை. ஊரே குடிக்குது" என்றார். பக்கத்து வீட்டுக்காரர், வேலிக்கு மேலால், "ஈசான மூலைக் கிணத்தை மூடச் சொல்லுறது உந்த உலகத்திலை எந்தச் சாத்திரமப்பா?" என்று கத்தினார். நான் அவருக்கு ஆக்கும் சுற்றையும் அடக்கும் சுற்றையும் விளக்கினேன். அவர் விளங்காமல் நின்றதைப் பார்த்து உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். சுதன் தாயை அழுத்தினான். அவர் மகனுக்காகச் சம்மதித்தார். உடைந்த கல்லும் மண்ணும் கொண்டுவந்து கொட்டிக் கிணற்றை நிரப்பினார்கள். கப்பியைக் கழற்றிக் கொட்டிலில் போட்டார்கள்.

குழாய்க்கிணறு ஆழமாக அடிக்கப்பட்டது. முதலில் தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. போகப்போக உவர் ஏறியது. நம்முடைய மண்ணுக்குக் கீழே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மெல்லிய ஆடைபோலத்தான் கிடக்கிறது. ஆழத்திலிருந்து உறிஞ்சினால் உப்பு மேலே வரும். படித்தவனான எனக்கு இது தெரியாததல்ல. அன்று நினைவுக்கு வரவில்லை. தேசி இலைகளின் ஓரம் கருகியது. மிளகாய்ப் பாத்தி பட்டுப்போனது. அரிசி அவிய மறுத்தது. அயலவர்கள் பிரதான வீதியில் தண்ணீர் பவுசர் லொறிக்காகக் கலன்களை வரிசையில் வைத்துவிட்டு நின்றார்கள்.

றோசக்கா திரும்பி வந்தார். நடந்ததைச் சொன்னேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாரும், போவம்" என்றார்.

பரமேஸ்வரி வீட்டில் முதலில் ஒரு குவளை தண்ணீர் வாங்கி வாயில் வைத்தார். விழுங்கினார். பிறகு கதிரை ஒன்று கேட்டு, மூடிய கிணற்றடியில் போட்டு, நெடுநேரம் இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"இஞ்சை கப்பி இருந்ததோ?" என்று கேட்டார்.

"ஓம். இரும்புக் கப்பி. கொட்டிலுக்கை கிடக்கு."

"வாளி?"

"அதுவும் இரும்புதான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மண்ணும் தண்ணியும் மோதினால் நடுவிலை என்ன வேணும் பாலன்?"

உலோகம். மண் உலோகத்தைப் பெறும், உலோகம் நீரைத் தரும். அந்தக் கிணற்றைத் தோண்டியவர்கள் சீனரின் சுற்றை அறியாதவர்கள். ஆனாலும் கப்பியும் வாளியுமாக நாள் முழுவதும் அந்த உலோகம் மண்ணுக்கும் நீருக்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தேவையான மூன்றாவது பொருள் அங்கேயே இருந்தது. மண் நீரை அடைக்கும் என்று பயந்து, நானே மண்ணைக் கொட்டி நீரை அடைத்திருக்கிறேன்.

றோசக்கா எழுந்து பரமேஸ்வரியிடம் போனார். "பிள்ளை, இது என்ரை கந்தோர் சொன்னது. அப்ப நான் சொன்னது. பிழை என்னிலை. திறந்து தாறன்" என்றார்.

அந்த நேரம் சுதன் தாயின் கைபேசியில் வந்தான்; றோசக்கா அதை வாங்கினார். ஏசத் தொடங்கினான். ஏமாற்றுக்காரி என்றான், கிழவி என்றான், சீனனிடம் பாதி படித்துவிட்டு வந்து ஊரைக் கெடுக்கிறவள் என்றான். என்னோடு பேசியதை அவன் மறந்திருக்கமாட்டான். ஆனால் நான் றோசக்கா சொன்னதையே எடுத்துச் சொன்னேன் என்று நினைத்திருப்பான். அப்படி நினைக்கும்படிதான் நானும் அன்றைக்குப் பேசியிருந்தேன். றோசக்கா கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "ஓம் தம்பி. ஓம். நான்தான் பொறுப்பு" என்று மட்டும் சொன்னார். நான் கை எட்டும் தூரத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் ஓட்டோவுக்குள், "ஏன் அக்கா என்ரை பேரைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"உம்மைத் தனியா அனுப்பினது ஆர்? நான். நீர் வீட்டைப் பாக்கப் பழகினனீரோ எண்டு பாக்காமல் அனுப்பிப்போட்டன்" என்றார். பிறகு, "நீர் சொல்லவேணும் எண்டால் நீர் சொல்லும். நான் தடுக்கேல்லை" என்றார்.

நான் சொல்லவில்லை.

கிணற்றைத் தோண்டி வெளிக்க றோசக்கா ஆட்களைப் பிடித்தார். அவர்கள் கல்லும் மண்ணுமாக மேலே அனுப்ப, கருகிய தேசி மரத்தின் கீழ் கதிரையைப் போட்டு வேலை முடியும்வரை ஒவ்வொரு நாளும் இருந்தார். குழாய்க்கிணற்றின் மோட்டாரை நிறுத்தச் செய்தார். முதலில் ஊறியது சேற்று நீர். இறைத்தார்கள். மறுபடி ஊறியது உவர். அதையும் இறைத்தார்கள். "மாரி வரட்டும்" என்றார் றோசக்கா. மாரி தொடங்கியதும், பெரிய மழை ஒவ்வொன்றுக்கும் பிறகு பேருந்து ஏறி அரியாலைக்குப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டு வந்தார். கப்பி மீண்டும் ஏறியது. தையில் ஒரு நாள் பரமேஸ்வரி கூப்பிட்டார். நாங்கள் போனபோது, அவர் தேத்தண்ணி போட்டு வைத்திருந்தார். றோசக்கா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் கலனோடு நின்றார்.

தண்ணீர் திரும்பியது, பெயர் திரும்பவில்லை. அந்தப் பக்கத்துச் சனம் றோசக்காவைக் 'கிணறு மூடி' என்றே கதைத்தது. அரியாலையிலிருந்து பிறகு ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. அது மெல்ல மெல்ல மற்ற ஊர்களுக்கும் பரவியது. அவர் அதைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் முறையிட்டதில்லை. கிடைத்த வீடுகளில் அதே நிதானத்தோடு, அதே மாதிரிக் கதிரையில் இருந்து பார்த்து, கீறிய தரையைத் தானே கழுவினார். நான் வருடா வருடம் பரமேஸ்வரி வீட்டுக்குப் போய், கிணறு எப்படி என்று விசாரித்து, அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி குடித்து வந்தேன். விசாரிப்பதையே பரிகாரமாக எண்ணிக்கொண்டேன்.

சுதனுடைய கலியாணமா? கிணறு மூடியிருந்தபோதும் சரிவரவில்லை, திறந்த பிறகும் சரிவரவில்லை. அவன் தானாகவே ஒரு பிள்ளையைப் பார்த்துக் கட்டிக்கொண்டான்.

றோசக்கா இந்த வருடம் காலமானார். நினைவு ஆராதனை ஒரு மாலையில் தேவாலய மண்டபத்தில் நடந்தது. பரமேஸ்வரியும் வந்திருந்தார். ஆராதனை முடிந்து சனம் கலையும்போது என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நல்ல மனுசி அண்ணை. கிணத்தை மூடினதும் அவதான், திறந்ததும் அவதான். ரெண்டையும் சொல்லத்தானே வேணும்" என்றார்.

"மூடினது அவ இல்லை" என்றேன். "அவ ஒண்டும் சொல்லாதேயும் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவ. மூடச் சொன்னது நான். என்ரை புத்தியிலை சொன்னது."

பரமேஸ்வரி என் பக்கம் முழுதாகத் திரும்பினார். "எங்கடை வீட்டிலை எத்தினை தேத்தண்ணி குடிச்சிருப்பியள்" என்றார். "ஒரு நாள் வாய் திறக்கேல்லையே அண்ணை."

நான் கையிலிருந்த ஆராதனைத் தாளை இரண்டாக மடித்தேன்.

"அண்டைக்கு அவன் அவவை அப்பிடி ஏசேக்கை நீங்களும் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்?"

"ஓம்."

அவர் கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார். "அங்கை இப்ப காலமை. எழும்பியிருப்பான். நீங்களே சொல்லுங்கோ. நான் சொன்னால், அந்த மனுசிக்காகக் கதைக்கிறன் எண்டு நினைப்பான்" என்று அழைப்பை எடுத்து என் கையில் தந்தார்.

சுதன் ஏதோ சமையலறையில் நின்றான். தோளில் ஒரு குழந்தை. என்னைக் கண்டு வியந்தான். நான் சுற்றிவளைக்காமல் சொன்னேன். றோசக்கா எனக்கு என்ன சொல்லிவிட்டுப் போனார், நான் என்ன செய்தேன், அவன் ஏசியபோது எங்கே நின்றேன் என்று எல்லாம் சொன்னேன். அவன் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கோபப்படவில்லை.

"அந்த அம்மா இப்ப எங்கை?" என்று கேட்டான். "அவவோடை ஒருக்கால் கதைக்கேலுமோ?"

நான் கைபேசியை மெல்லத் திருப்பி, மண்டபத்தின் முன்னால் பூக்களுக்கு நடுவே இருந்த றோசக்காவின் படத்தை அவனுக்குக் காட்டினேன்.